தண்ணி எந்தப் பக்கம்? பம்ப் சிமுலேஷனும் நார்மல் திசையும்

(எபிசோடில் பேசியதைச் சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

இந்த வாரம் எடுத்திருக்கறது ஒரு பொடி விஷயம். ஒரு முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்குது, அவ்வளவுதான். கேக்க சப்பையா இருக்கும். ஆனா 60 சதவீத எஃபிஷியன்சி உள்ள பம்பை 90 சதவீதம்னு கம்ப்யூட்டர் சொல்றதுக்கு இந்த ஒண்ணு போதும். அந்தக் கணக்கையும் இன்னிக்கே போட்டுப் பாத்துடுவோம்.

கோயமுத்தூர்க்காரங்களுக்குப் பம்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லு, மில்லுக்கு மோட்டார், தோட்டத்துக் கிணத்துக்குப் பம்ப், பம்புக்குக் காஸ்டிங் ஊத்தற பவுண்டரின்னு ஒண்ணைப் புடிச்சு ஒண்ணு வளர்ந்த ஊர் இது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நடந்தாலே தெரியும். ரொம்ப காலமா இங்க ஒரு புது இம்பெல்லர் பொறந்த விதம் இதுதான்: பேட்டர்ன் செய், வார்ப்பு ஊத்து, டெஸ்ட் பெட்ல ஓட்டு, பத்தலையா, பிளேடு நுனியைக் கொஞ்சம் தேய், மறுபடி ஓட்டு. அனுபவம் உள்ள கைக்கு இது வேலை செஞ்சது, இன்னும் செய்யுது. ஆனா பேட்டர்னை ஒவ்வொரு தடவை மாத்தறதும் காசு, நாள் ரெண்டையும் தின்னும்.

அதனால இப்ப வார்ப்புக்கு முன்னாடியே சிஎஃப்டி. தண்ணி ஓடற இடத்தை லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் எவ்வளவு தண்ணி வருது, போகுது, எவ்வளவு அழுத்தம்னு கம்ப்யூட்டரைக் கணக்குப் போடச் சொல்றது. ஓப்பன்ஃபோம் மாதிரி இலவச மென்பொருள் இருக்கறதால சின்ன யூனிட்டுகளும் இதைத் தொட ஆரம்பிச்சிருக்காங்க. விவசாய பம்புசெட்டுக்கு நட்சத்திர லேபிள் வந்த பிறகு எஃபிஷியன்சில ரெண்டு மூணு புள்ளி ஏறினாலே வியாபாரத்துல அதுக்கு மதிப்பு. மோனோபிளாக்குக்கு ஐஎஸ் 9079, போர்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034, அதுபடி லேப்ல ஓட்டி அளந்துருவாங்க. அங்க கம்ப்யூட்டர் சொன்ன எண் செல்லாது, மீட்டர் சொல்றதுதான் செல்லும். சிமுலேஷன் பொய் சொல்லியிருந்தா தப்பான டிசைனுக்குப் பேட்டர்ன் செஞ்சு, இரும்பு ஊத்தி, லேப் வரைக்கும் போய்த்தான் தெரியும்.

நார்மல்னா என்ன

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்துல 'செங்கோடு'ன்னு படிச்சோமே, அதேதான். ஒரு பரப்புக்கு நேர் செங்குத்தா நிக்கற அம்பு. சிக்கல் என்னன்னா, ஒரு தகட்டுக்கு ரெண்டு பக்கமும் செங்குத்து உண்டு. அம்பு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு யாராவது முடிவு பண்ணணும்.

கேட்ல வரைஞ்ச பம்பு சிமுலேஷனுக்கு வரும்போது பெரும்பாலும் எஸ்டிஎல் ஃபைலா வரும். 1987 வாக்குல த்ரீடி சிஸ்டம்ஸ் கம்பெனி தன்னோட பிரிண்டருக்காகக் கொண்டுவந்த வடிவம் அது. இன்னிக்கும் சாகாம இருக்கக் காரணம் அதோட எளிமை. பைனரி ஃபைல்னா முதல் 80 பைட் தலைப்பு, அடுத்த 4 பைட்ல எத்தனை முக்கோணம்னு எண்ணிக்கை, பிறகு முக்கோணத்துக்கு 50 பைட். 2 லட்சம் முக்கோணம் உள்ள கேசிங் சரியா 1,00,00,084 பைட். நம்ம ஆளுங்க ஒரு சாயங்காலத்துல பார்சர் எழுதிருவாங்க.

அந்த 50 பைட்ல ஒரு நார்மல், மூணு முனைகள், கடைசில ரெண்டு பைட் சும்மா. இங்கதான் புரோகிராமரை மயக்கற இடம். நார்மல் ரெண்டு தடவை பதிவாகுது. ஒண்ணு, நேரா எழுதி வச்ச மூணு எண். இன்னொண்ணு, முனைகள் எந்த வரிசையில வருதுங்கறதுல ஒளிஞ்சிருக்கறது. வலது கை விரல்களை முனை வரிசைப்படி மடக்கினா கட்டைவிரல் காட்டற பக்கம்தான் நார்மல். ரெண்டும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா? நிறைய மென்பொருள் எழுதி வச்ச எண்ணைக் கண்டுக்கறதே இல்லை, முனை வரிசையிலிருந்து தானே கணக்குப் போட்டுக்கும். அதனால டெக்ஸ்ட் எடிட்டர்ல ஃபைலைத் திறந்து நார்மலுக்கு முன்னாடி மைனஸ் போட்டுட்டு 'திருப்பிட்டேன்'னு சொன்னா ஒண்ணும் திரும்பியிருக்காது. திருப்பணும்னா மூணு முனையில ஏதாவது ரெண்டை இடம் மாத்தணும்.

கோர் போடற அண்ணன் சொன்னது

ஒரு பவுண்டரில தண்ணி ஓடற பகுதியை மட்டும் பிரிச்சு லேப்டாப்ல காட்டிட்டிருந்தேன். கேசிங்கோட உள்வெளி மட்டும், நத்தை மாதிரி சுருண்டு திரையில நின்னுச்சு. கோர் போடற அண்ணன் எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க தம்பி, இது நம்ம கோர் தானுங்களே? இதுக்கா கம்ப்யூட்டரு?"ன்னாரு.

நார்மலைப் பத்தி நான் கேட்ட விளக்கத்துலயே இதுதான் சிறந்தது. அவருக்கு நார்மல்னா என்னன்னு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பவுண்டரி பழக்கம் இல்லாதவங்களுக்கு: பம்பு கேசிங் உள்ள வெத்தா இருக்கணும், தண்ணி அங்கதான் சுத்தும். இரும்பைக் காய்ச்சி ஊத்தும்போது அந்த இடம் நிரம்பாம இருக்க, அதே வடிவத்துல மணல்ல ஒரு கட்டி செஞ்சு உள்ள வைப்பாங்க. அதுதான் கோர். இரும்பு இறுகின பிறகு மணலைத் தட்டி வெளிய எடுத்துடுவாங்க. அந்தக் காலி இடத்துல பிற்பாடு தண்ணி.

இப்ப கேசிங்கோட உள்சுவரை எடுத்துக்குங்க. இரும்புக்காரன் கண்ணுக்கு, இரும்பை விட்டு வெளிய போற திசைன்னா பள்ளத்துக்குள்ள, தண்ணி இருக்கற பக்கம். கோர்க்காரன் கண்ணுக்கு, மணல் கட்டியை விட்டு வெளிய போற திசைன்னா இரும்புப் பக்கம். சுவர் ஒண்ணுதான், அம்பு நேர் எதிர். கேட்ல டிசைனர் வரையறது இரும்பை. சிஎஃப்டிக்கு வேண்டியது கோரை. 'நார்மல் வெளியே பார்க்கணும்'னு எல்லாரும் சொல்றாங்க. எதுக்கு வெளியேன்னு சேத்துச் சொல்றவங்க கம்மி.

நடைமுறைல குழப்பம் வர்ற வழியும் இதுவே. ஒருத்தர் இரும்பு மாடலை எஸ்டிஎல்லா அனுப்புவாரு. நாம உள்சுவரை மட்டும் பிரிச்சு எடுப்போம். அதோட அம்பெல்லாம் தண்ணியைப் பாக்கும். தண்ணி உள்ள வர்ற வாயும் வெளிய போற வாயும் திறந்து கிடக்கும், அதுக்கு ரெண்டு மூடி வரைவோம். மூடியோட அம்பு இயல்பா தண்ணிக்கு வெளியே பாக்கும். சேத்து ஒரே ஃபைலாக்கினா கண்ணுக்கு மூடின டப்பா, ஓட்டை ஒண்ணும் இல்லை. ஆனா சுவர் உள்ள பாக்குது, மூடி வெளிய பாக்குது. 'இந்தப் புள்ளி உள்ளயா வெளியயா'ன்னு அந்த டப்பாவைக் கேட்டா ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

60 எப்படி 90 ஆகுது

சொன்ன கணக்குக்கு வருவோம். வசதிக்காக நானே வச்சுக்கிட்ட எண்கள் இவை. பம்பு நொடிக்கு 6 லிட்டர் தண்ணியை 20 மீட்டர் ஏத்துது. தண்ணிக்குப் போய்ச் சேர்ற பவர் 1000 × 9.81 × 0.006 × 20, கிட்டத்தட்ட 1177 வாட். எஃபிஷியன்சி 60 சதவீதம்னா ஷாஃப்ட்ல கொடுக்கறது 1962 வாட். நிமிஷத்துக்கு 2880 சுத்துன்னா டார்க் சுமார் 6.5 நியூட்டன் மீட்டர்.

இந்த டார்க்கை சிமுலேஷன்லேர்ந்து எப்படி எடுக்கறோம்? பிளேடு மேல உள்ள ஒவ்வொரு குட்டி முக்கோணத்துலயும் அழுத்தத்தைப் பரப்பால பெருக்கி, நார்மல் திசையில ஒரு விசையாக்கி, அச்சுலேர்ந்து உள்ள தூரத்தை வச்சுத் திருப்புவிசையாக்கி, எல்லாத்தையும் கூட்டறோம். விசையோட திசையைச் சொல்றதே நார்மல்தான். இம்பெல்லர்ல 6 பிளேடு, எல்லாம் சமமா வேலை செய்யுதுன்னு வச்சுக்குவோம். ஒரே ஒரு பிளேடு மட்டும் நார்மல் திரும்பி வந்திருக்கு. அது டார்க்கைக் கூட்டாம கழிக்கும். 5 கூட்டல், 1 கழித்தல், ஆக 6-ல 4 பங்குதான் மிச்சம். 1962 வாட் 1308 வாட்டாத் தெரியும். 1177-ஐ 1308-ஆல வகுத்தா 90 சதவீதம்.

ரெண்டு பிளேடு திரும்பியிருந்தா 180 சதவீதம் வரும், அப்பவே கண்டுபிடிச்சுருவோம். அது தப்பிச்ச கேஸ். எனக்குப் பயம் 90-ஐப் பாத்துத்தான். பிளாட் எல்லாம் வண்ண வண்ணமா இருக்கும், சால்வர் அழகா கன்வெர்ஜ் ஆகியிருக்கும், வெறும் கோடு எழுதற ஆளு 'சூப்பர் டிசைன்'னு ஸ்லைடு போட்டுருவாரு. இந்த சைஸ் பம்புக்கு 90-ஆன்னு டெஸ்ட் பெட்ல நின்ன யாரைக் கேட்டாலும் சிரிச்சுருவாங்க.

ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். ஓப்பன்ஃபோம் தன்னோட மெஷ் மேல தானே விசையைக் கூட்டும்போது இந்தத் தப்பு வராது. மெஷ் உருவான பிறகு எஸ்டிஎல்லோட நார்மலை அது திரும்பிப் பாக்காது. ஓரத்துல உள்ள ஒவ்வொரு ஃபேஸுக்கும் அம்பு தண்ணிக்கு வெளியேதான்னு அதுவே விதி வச்சிருக்கு. அதனாலதான் தண்ணி உள்ள வர்ற வாயில ஃபிளக்ஸ் மைனஸ்ல வரும். புதுசா கத்துக்கறவங்க அதைப் பாத்து என்னமோ தப்புன்னு ராத்திரியெல்லாம் முழிப்பாங்க, தப்பே இல்லை. மேல சொன்ன பிளேடு கேஸ் நடக்கறது, அழுத்தத்தை எஸ்டிஎல் முக்கோணம் மேல எடுத்து வச்சுக்கிட்டு நாமளே பைத்தான் ஸ்கிரிப்ட்ல கூட்டும்போது.

வரப்பும் வழி நடையும்

சரி, 2 லட்சம் முக்கோணத்துல எது திரும்பியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒவ்வொண்ணா அம்பு வரைஞ்சு பாத்தா கண்ணு போயிரும். இது நம்ம ஏரியா, கிராஃப் பிரச்சனை.

ரெண்டு தோட்டம் பக்கத்துல பக்கத்துல இருக்கு, நடுவுல பொது வரப்பு. ரெண்டு தோட்டத்துக்காரரும் அவங்கவங்க தோட்டத்தை இடஞ்சுழியா சுத்தி வர்றாங்க. பொது வரப்புல ரெண்டு பேரும் எதிரெதிரா வந்து முகத்துக்கு முகம் பாப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே திசையில ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போறாங்கன்னா, அதுல ஒருத்தர் வலஞ்சுழியா சுத்தறாருன்னு அர்த்தம். முக்கோணத்துக்கும் இதே விதி. ஒண்ணு 5-ஆம் முனையிலேர்ந்து 9-க்குப் போனா பக்கத்து முக்கோணம் 9-லேர்ந்து 5-க்கு வரணும். ஒரு முக்கோணத்துல ஆரம்பிச்சு பக்கத்துக்குப் பக்கம் பிஎஃப்எஸ் ஓட்டி, வரப்புல ஒரே திசையில போறதையெல்லாம் திருப்பிக்கிட்டே வந்தா கடைசில எல்லாம் ஒரே மாதிரி பாக்கும்.

ஆனா இதுல கிடைக்கறது ஒற்றுமை மட்டும்தான். எல்லாரும் சேந்து தப்பாவும் பாக்கலாம். முதல் முக்கோணமே தலைகீழா இருந்தா மொத்த ஊரும் அதுகூடப் போயிரும். வெளியே எதுன்னு தனியாத்தான் சோதிக்கணும். அதுக்கு எனக்குப் புடிச்ச ரெண்டு சோதனை இருக்கு, சேத்தா பத்து வரி கோடு.

முதல் சோதனை: ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பரப்பளவு நீளமுள்ள ஒரு அம்பா நார்மலை எடுத்து, எல்லாத்தையும் வெக்டரா கூட்டுங்க. மூடின டப்பா, எல்லாம் ஒரே மாதிரி பாக்குதுன்னா விடை சுழி. மேல் பக்க அம்பை கீழ்ப் பக்க அம்பு சாப்பிட்டுரும். மூடி மட்டும் மாறிப் பாத்தா மிச்சம் விழும். 80 மி.மீ. விட்டமுள்ள வாய் மூடியோட பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. அது ஒண்ணு திரும்பியிருந்தா கூட்டுத்தொகையில அதுக்கு ரெண்டு மடங்கு, சுமார் 100 சதுர செ.மீ. நிக்கும். மிச்ச அம்போட திசையே எந்த மூடின்னு காட்டிக் கொடுத்துரும். சுழி வந்தா எல்லாம் சரின்னு உத்தரவாதம் இல்லை, திரும்பினது ரெண்டு ஒண்ணையொண்ணு ஈடுகட்டியிருக்கலாம். ஆனா சுழி வரலைன்னா நிச்சயமா தப்பு இருக்கு.

ரெண்டாவது சோதனை கன அளவு. மையப்புள்ளியிலேர்ந்து ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு கூம்பு கட்டி, அதோட கன அளவை கூட்டல் கழித்தல் குறியோட சேத்துட்டே வந்தா மொத்த டப்பாவோட கன அளவு கிடைக்கும். டைவர்ஜென்ஸ் தியரத்தோட ஏழை வீட்டு உருவம் இது. விடை பிளஸ்னா அம்பெல்லாம் வெளியே, மைனஸ்னா எல்லாம் உள்ளே. இதுல ஒரு வேடிக்கையும் உண்டு. மேல சொன்ன அந்த மூடி திரும்பின டப்பாவை, மூடி பாக்கற திசையில 10 செ.மீ. நகர்த்தி மறுபடி அளந்தா கன அளவு சுமார் 335 மி.லி. மாறியிருக்கும். இரும்பு அதே இரும்பு, நகர்த்தினதுக்கே ஒரு சொம்புத் தண்ணி அளவுக்கு வித்தியாசம். நகர்த்தினா அளவு மாறுதுன்னா அது டப்பாவே இல்லைன்னு வச்சுக்கலாம்.

மொத்தமும் தலைகீழாகறது எப்ப நடக்கும்னா கண்ணாடி பிம்பம் எடுக்கும்போது. வலம் சுத்தற இம்பெல்லர் இருக்கு, இடம் சுத்தறது வேணும். ஸ்கிரிப்ட்ல எக்ஸ் அச்சை -1 ஆல பெருக்கிட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிருவாங்க. புள்ளிகள் மறுபக்கம் போயிருச்சு, முனை வரிசை பழையபடியே. வலது கை இடது கையாயிருச்சு. எல்லா முக்கோணமும் ஒண்ணா திரும்பினதால முதல் சோதனை சுழின்னு பாஸ் பண்ணிரும், கன அளவுதான் மைனஸ்ல வந்து மாட்டிவிடும். நல்ல கேட் மென்பொருள் இதைத் தானே கவனிச்சுக்கும்.

கோடு எழுதப் பிடிக்காதவங்களுக்கு: பிளெண்டர்ல ஃபேஸ் ஓரியண்டேஷன் ஓவர்லே போட்டா வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் சிவப்பு. ஓப்பன்ஃபோம்ல சர்ஃபேஸ்செக் ஓட்டினா பரப்பு மூடியிருக்கா, ஒரே மாதிரி பாக்கற பகுதி எத்தனைன்னு எண்ணிச் சொல்லும். ஒண்ணுக்கு மேல வந்தா சர்ஃபேஸ்ஓரியண்ட் கிட்ட வெளியே இருக்கற ஒரு புள்ளியைக் கொடுத்தா அந்தப் பக்கம் பாக்கற மாதிரி திருப்பிக் கொடுக்கும்.

'ஸ்னாப்பிக்கு நார்மல் வேண்டாம்' கட்சி

இப்படி ஒரு கட்சி எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் உண்டு. பாதி உண்மை. ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் எந்தப் பக்கத்தை வச்சுக்கணும்னு முடிவு பண்றது நாம கொடுக்கற ஒரு உள்புள்ளியை வச்சு. அங்கிருந்து வெள்ளம் மாதிரி பரவி, சுவர்ல முட்டி நிக்கற வரைக்கும் உள்ள கட்டங்களை வச்சுக்கும். அதுக்கு அம்பு தேவையில்லை.

ஆனா ஒரு மூடின பரப்பைக் கொடுத்து 'இதுக்கு உள்ளே'ன்னு சொன்னா கதை வேற. பம்புல இது கட்டாயம் வரும். இம்பெல்லரைச் சுத்தி ஒரு உருளை வரைஞ்சு, 'இதுக்குள்ள இருக்கற தண்ணியெல்லாம் சுத்தற சட்டகத்துல'ன்னு ஒரு செல் ஸோன் கட்டுவோம். உருளையோட அம்பு குழம்பியிருந்தா இம்பெல்லர் பகுதி நின்னு போயி கேசிங் பகுதி சுத்தலாம், இல்ல நடுவுல சில கட்டங்கள் விட்டுப்போகலாம். கட்டம் அடர்த்தியாக்கற பகுதிக்கும் இதே கதி. மெஷ் வந்ததும் ஸோனை மட்டும் தனியா பாராவியூல திறந்து பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. உருளைக்கு நடுவுல ஒரு புள்ளியைக் கொடுத்து ஸோனைத் தேர்ந்தெடுக்கற வழியும் இருக்கு. நான் அந்தக் கட்சி.

பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடி வேலை பண்றவங்க ஒருத்தர் ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்தை சிமுலேட் பண்ணும்போது நிலப்பரப்பு மூடின டப்பா இல்லை, விரிச்சுப் போட்ட போர்வை. கன அளவுன்னு ஒண்ணு கிடையாது, உள்ளே வெளியே கிடையாது, மேலே கீழேதான். அதனால ரெண்டு சோதனையும் உதவாது. வேண்டவும் வேண்டாம். ஒவ்வொரு நார்மலோட இசட் கூறும் பிளஸ்ஸான்னு பாத்தா போதும். உயரப் படத்துலேர்ந்து செஞ்ச மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தா இருந்தாலும் அம்பு கொஞ்சமாவது வானத்தைப் பாக்கும். எதாவது மைனஸ்ல வந்தா அந்த முக்கோணம் மடங்கியிருக்கு, இல்ல திரும்பியிருக்கு.

கடைசியா ஒரு கேள்வி, ஈரோட்டுலேர்ந்து ஒரு மெக்கானிக்கல் மாணவி அனுப்பினது. பிளேடைத் தடிமன் இல்லாத ஒத்தைத் தகடா வரைஞ்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் தண்ணி. நார்மல் எந்தப் பக்கம் வைக்கறது? எந்தப் பக்கம் வேணும்னாலும் வைங்க, எல்லாப் பிளேடுக்கும் ஒரே மாதிரி வைங்க. வடிவத்தைப் பொறுத்தவரை அதுக்கு உள்ளே வெளியே இல்லை. ஆனா தகடு ஷ்ரவுடைத் தொடற விளிம்புல மூணு முக்கோணம் ஒரே வரப்பைப் பங்கு போடும். மூணு தோட்டத்துக்காரர் ஒரே வரப்புல நடந்தா எதிரெதிர் விதி அங்க செல்லாது, தானாத் திருப்பற கருவிகள் தடுமாறறதும் அங்கதான். பிளேடைத் தனி எஸ்டிஎல்லா, தனிப் பேர்ல வச்சுக்குங்க. கோடு எழுதினா மூணு பேர் பங்கு போடற விளிம்புகளை முதல்ல எண்ணிப் பாத்து, பிஎஃப்எஸ் அந்த விளிம்பைத் தாண்டாம நிறுத்திடுங்க. இல்லைன்னா 2 மி.மீ. தடிமன் கொடுத்து நிஜ பிளேடாவே வரைஞ்சிருங்க. வார்ப்புல ஊத்தப்போறதும் தடிமன் உள்ளதுதானே.